இருளின் இலக்கணம்: சாகசச் சித்திரக்கதைகளின் நடைமாற்றமும் தமிழ் மொழிபெயர்ப்பும்

1972ஆம் ஆண்டு சனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. அவ்விதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் தாக்கியவுடன் உடல் மறைந்து, வலக்கையில் பொருத்தப்பட்ட உலோகக்கை மட்டும் காற்றில் மிதக்கும் அம்மனிதன் ஒரு தலைமுறைத் தமிழ்ச் சிறுவர்களுக்கு நன்மையின் உருவமாக விளங்கினான். ஆனால் இக்கதை 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கியபோது அவன் நல்லவனாக அறிமுகப்படுத்தப்படவில்லை. ஆய்வுக்கூட உதவியாளனான லூயிஸ் கிராண்டெல் விபத்துக்குப்பின் மனம் திரிந்து, தனக்குக் கிட்டிய ஆற்றலைக் குற்றத்திற்குப் பயன்படுத்தினான். பின்னரே திருந்தி, ‘நிழற்படை’ என்னும் இரகசிய அமைப்பின் உளவாளியானான். ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையில் அடர்ந்த கருநிழல்கள் முதலிலிருந்தே உண்டு. ஆக, தமிழ் வாசகர் முதலிற் சந்தித்த சாகச நாயகனே இருளிலிருந்து ஒளிக்கு வந்தவன்.

மேலைநாட்டுச் சித்திரக்கதை வரலாற்றில் இதற்கு எதிர்த்திசைப் பயணமே மிகுதியாகப் பேசப்படுகிறது. ஒளிமிக்க நாயகர் 1980களில் இருளுக்குள் சென்றனர் என்பது பொதுவான கூற்று. படங்களின் நிறம் மங்கியது, கதையில் வன்முறை மிகுந்தது, நாயகனின் மனம் நோயுற்றது என்று இம்மாற்றம் வருணிக்கப்படும். இவை பிழையல்ல, ஆயினும் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இவ்வருணனை போதாது. இம்மாற்றத்தின் அச்சு கதையை எடுத்துரைக்கும் குரலில் உள்ளது. அக்குரல் படர்க்கையிலிருந்து தன்மைக்கு இடம்பெயர்ந்தபோதுதான் இருள் முழுமையாகக் கவிந்தது. அக்குரலைத் தமிழில் கொணரும்போது ஆங்கில இலக்கணம் செய்த வேலையைத் தமிழ் இலக்கணம் செய்வதில்லை; ஆங்கில இலக்கணத்தால் இயலாத சிலவற்றைச் செய்கிறது.

கலைச்சொல் குறித்து ஒன்று கூறவேண்டும். ‘நுவார்’ என்னும் பிரெஞ்சுச் சொல் கருமையைக் குறிப்பது. பாரிஸில் 1945இல் தொடங்கப்பட்ட ‘செரி நுவார்’ என்னும் குற்றப்புதின வரிசையாலும், 1946இல் நினோ ஃபிராங்க் என்னும் திறனாய்வாளர் அமெரிக்கத் திரைப்படங்களைக் குறிக்க அதனை ஆண்டதாலும் அது கலைச்சொல்லாயிற்று. தமிழில் ‘இருண்மை’ என்பது உடனே நினைவுக்கு வரும். ஆனால் அச்சொல் புதுக்கவிதைத் திறனாய்வில் பொருள் புலப்படாமையைக் குறிக்க முன்னரே நிலைபெற்றுவிட்டது. நுவார் எழுத்தோ பொருள் தெளிவானது. அறமே அதில் மங்கலானது. இரண்டையும் ஒரு சொல்லால் குறிப்பது குழப்பத்தை விளைக்கும். எனவே இங்கு ‘இருள்நடை’ என்பது ஆளப்படுகிறது.

பேட்மேன்: குமிழியிலிருந்து பெட்டிக்கு

நடைமாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் தொடர் பேட்மேன். பாப் கேன், பில் ஃபிங்கர் இருவரும் படைத்த இப்பாத்திரம் 1939 மே மாதத்துக்குரிய ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில் தோன்றியது. முதற்கதையிலேயே குற்றவாளி ஒருவன் அமிலத் தொட்டியில் விழுந்து இறக்கிறான்; நாயகன் அதற்காக வருந்துவதில்லை. அக்கால மலிவுத்தாள் துப்பறியும் கதைகளின் வழித்தோன்றலாகவே பேட்மேன் பிறந்தான். மறு ஆண்டே ராபின் என்னும் சிறுவன் துணையாகச் சேர்க்கப்பட்டான். இதற்குரிய காரணமாக ஃபிங்கர் பின்னாளிற் கூறியது மொழியியலார் ஊன்றி நோக்கத்தக்கது. பேட்மேனுக்குப் பேசத் துணையில்லை. எப்போதும் அவனைத் தனக்குள்ளேயே சிந்திக்கவிடுவது அலுப்பூட்டியது என்பதே அது. அதாவது ராபின் முதலில் ஓர் உரையாடல் தேவை. சிறுவன் வந்தவுடன் எண்ணக்குமிழிகள் குறைந்து பேச்சுக்குமிழிகள் பெருகின. பேச்சோடு நகைச்சுவையும், நகைச்சுவையோடு பகலொளியும் வந்தன.

1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தாமே வகுத்துக்கொண்ட சித்திரக்கதை ஒழுக்க விதிகள் இவ்வொளியைக் கட்டாயமாக்கின. 1966 முதல் 1968 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் அதனைக் கேலிக்கூத்தின் எல்லைவரை கொண்டுசென்றது. 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ஓநீலும் நீல் ஆடம்ஸும் இரவை மீட்டனர். எனினும் அவர்கள் மீட்டது பெரும்பாலும் படத்தின் இரவையே. கதையைக் கூறும் பெட்டிகளில் பழைய படர்க்கைக் குரலே தொடர்ந்தது. தெருக்கூத்தின் கட்டியக்காரனைப்போல் நாயகனை அறிவித்து, அவன் செயலை விளக்கி, அடுத்து என்ன நிகழுமோ என வினவி, வாசகருக்கும் நாயகனுக்கும் இடையில் நின்ற குரல் அது. கட்டியக்காரன் மேடையில் இருக்கும்வரை பார்வையாளருக்கு அச்சமில்லை. எது நன்று எது தீது என்று கூற ஒருவர் இருக்கிறார்.

1986இல் வெளிவந்த ஃபிராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ அக்குரலை மேடையிலிருந்து இறக்கியது. எண்ணக்குமிழிகளும் மறைந்தன. அவற்றின் இடத்தில் விவரிப்புப் பெட்டிக்குள் நாயகன் தானே பேசத் தொடங்கினான். வேறுபாடு நுண்ணியது. எண்ணக்குமிழி என்பது தலையின்மேல் மிதப்பது. எவர் எண்ணினார், எப்போது எண்ணினார் என்பதை அதன் வாலே கூறிவிடும். பெட்டிக்கு வாலில்லை. அது முன்பு நடுநிலையான கதைசொல்லிக்கு உரிய இடம், உண்மையின் இடம். அவ்விடத்தில் இப்போது ஐயத்திற்குரிய ஒருவனின் குரல் அமர்ந்துவிட்டது. அதனைத் திருத்த மேலே எவருமில்லை. ஃபிங்கர் 1940இல் எதனைத் தவிர்க்க ராபினைப் படைத்தாரோ அந்தத் தனிமொழியே 46 ஆண்டுகளுக்குப்பின் தொடரின் உயிராகத் திரும்பியது.

மறு ஆண்டு மில்லர் எழுத, டேவிட் மசுக்கெல்லி வரைந்த ‘பேட்மேன்: இயர் ஒன்’ இதனை மேலும் கூர்மையாக்கியது. அதில் பெட்டிக்குரல்கள் இரண்டு: ஒன்று புரூஸ் வேனுடையது, மற்றொன்று காவல் அதிகாரி ஜேம்ஸ் கார்டனுடையது. நாட்குறிப்பைப்போல் தேதியிட்டு நகரும் அக்கதையில் எழுத்து வரைந்த டாட் கிளைன் ஒவ்வொருவருக்கும் தனிக் கையெழுத்தை அளித்தார். இரு தன்மைக்குரல்கள் அருகருகே நிற்க, இரண்டிற்கும் மேலான நடுவர் இல்லை.

மறைந்துபோகும் குறை

இத்தகைய பெட்டிக்குரலைத் தமிழாக்க முனைபவர் முதலில் எதிர்கொள்வது எதிர்பாராத எளிமை. இருள்நடை ஆங்கிலத்தின் தலையாய உத்தி குறைத்தொடர். தன்மை எழுவாய் விடுபடும். ‘ஆக’ என்னும் பொருள்தரும் துணைவினை விடுபடும். பெயர்கள் மட்டும் எஞ்சும். எழுவாயின்றி வாக்கியம் அமையாத மொழியில் எழுவாயைக் களைவது ஒரு மீறல். மூச்சிரைப்பவன், களைத்தவன், தன்னையே பெயரிட விரும்பாதவன் ஒருவனின் குரல் அம்மீறலிலிருந்து பிறக்கிறது.

தமிழிலோ தோன்றா எழுவாய் இயல்பு. ‘கதவைத் திறந்தேன்’ என்பதில் எதுவும் குறையவில்லை. விகுதியே எழுவாயை ஏந்தி நிற்கிறது. பெயர்ப் பயனிலைத் தொடருக்கு இணைப்புவினையும் வேண்டியதில்லை. ‘மழை. ஈரச்சுவர். ஆளில்லாத தெரு.’ என்று எழுதினால் அது எந்தத் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். ஆங்கிலத்தில் மீறலாக ஒலிப்பது தமிழில் விதிக்குட்பட்டதாக அமைந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பு பொருளில் முழுமையாகவும் நடையில் வெறுமையாகவும் நிற்பதற்கு இதுவே காரணம். மூலத்தில் எது குறைக்கப்பட்டதோ அதனையே தமிழிலும் குறைப்பது நிகரன்மையாகாது. தமிழ் எதனை எதிர்பார்க்கிறதோ அதனைக் குறைத்தாலன்றி இங்கே காயம் தெரியாது.

தமிழ் எதிர்பார்ப்பது யாது? எழுத்துத்தமிழின் கதைநடை வினையெச்சத் தொடரால் ஆனது. ‘மாடியேறிச் சென்று, கதவை உடைத்து, உள்ளே பாய்ந்து, அவனைப் பிடித்தான்’ என்பதே சாகசக்கதையின் இயல்பான ஓட்டம். எச்சங்கள் ஒன்றையொன்று பற்றிச் செல்கின்றன. இறுதி முற்று அனைத்தையும் ஒரே செயலாகக் கட்டிவிடுகிறது. இத்தொடரில் ஒரு நம்பிக்கை உள்ளுறைந்துள்ளது. முதற்செயல் அடுத்ததற்கு வழிவிடுகிறது, அனைத்தும் ஒரு முடிவை நோக்குகின்றன என்னும் நம்பிக்கை அது. அதனை அறுத்து, ‘மாடியேறினேன். கதவு உடைந்தது. உள்ளே அவன் இல்லை.’ என்று முற்றுக்களாக நிறுத்தும்போது செயல்களுக்கிடையே பள்ளம் விழுகிறது. கதவை உடைத்தவன் யார் என்பதும் அப்பள்ளத்தில் விழுந்துவிடுகிறது: ‘உடைத்தேன்’ என்பது ‘உடைந்தது’ ஆகிவிட்டது. தன்வினை பிறவினை என இணைகளாக நிற்கும் தமிழ் வினைகள் (உடை–உடைத்து, கவிழ்–கவிழ்த்து, எரி–எரித்து) பொறுப்பை ஏற்கவும் நழுவவிடவும் வாய்ப்பளிப்பவை. குற்றக்கதைக்கு இதைவிட ஏற்ற கருவி வேறில்லை.

முற்றுக்களைத் தொடர்ந்து அடுக்குவதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘நடந்தேன், நின்றேன், பார்த்தேன், சுட்டேன்’ என்று ‘ஏன்’ விகுதி திரும்பத் திரும்ப ஒலிக்கும்போது இருள் கலைந்து இயைபு பிறக்கிறது. பள்ளிச் சிறுவனின் சுற்றுலாக் கட்டுரையும் இவ்வாறே ஒலிக்கும். ஆங்கில இறந்தகால வினை இடங்காட்டாமையால் இத்தொல்லை அங்கில்லை. விகுதியின் ஒலி மேலோங்காதவாறு இடையிடையே இடங்காட்டா வினைகளைப் பெய்வதே இதற்கு வழி. நல்வாய்ப்பாக அவை தமிழில் நிறைய உள்ளன.

மறுப்புக்கு இடமில்லை

‘கொன்றேன்’ என்னும் சொல்லில் கொன்றவன் யார் என்பது விகுதியால் வெளிப்படை. ‘கொல்லவில்லை’ என்னும் சொல்லில் அது இல்லை. நான், நீ, அவன், அவர்கள் அனைவர்க்கும் அவ்வொரு வடிவமே. தற்காலத் தமிழில் இறந்தகால உடன்பாட்டு வினை இடத்தைக் காட்டும். அதன் எதிர்மறை காட்டாது. பழைய மொழியில் நிலைமை வேறு. ‘கொன்றிலேன்’, ‘கொல்லேன்’ என்பன தன்மை விகுதி ஏற்றவை. ‘இல்லை’ பொது மறுப்பாகப் பரவியபோது மறுப்பவனின் அடையாளம் வினையிலிருந்து உதிர்ந்துவிட்டது. ஆக இன்றைய தமிழில் ஒப்புதல் வாக்குமூலத்துக்கு ஆளுண்டு, மறுப்புக்கு ஆளில்லை.

இலக்கண நூலில் ஒரு பத்தியோடு கடந்துபோகும் இவ்வுண்மை இருள்நடை மொழிபெயர்ப்பில் எவ்வளவு பயன்படும் என்பதற்கு ‘இரத்தப் படலம்’ தக்க சான்று. ழான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்து 1984இல் முதல் தொகுதியாக வெளிவந்த ‘பதின்மூன்று’ என்னும் பிரெஞ்சுமொழித் தொடரே தமிழில் இப்பெயர் பெற்றது. முத்து காமிக்ஸின் இளவலாக 1984இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு சிவகாசியில் தொடங்கப்பட்ட லயன் காமிக்ஸ் அதனை 1980களின் பிற்பகுதி முதல் வெளியிட்டது. 2010இல் கறுப்பு வெள்ளையிலும் 2018இல் வண்ணத்திலும் பெருந்தொகுப்புகள் வந்தன. இதன் நாயகனுக்கு மீமனித ஆற்றல் எதுவுமில்லை. ஆயினும் இரும்புக்கை மாயாவியையும் ஸ்பைடரையும் படித்து வளர்ந்த அதே வாசகரே இதனையும் படித்தனர் என்பதால், தமிழில் சாகசத் தொடர் இருள்நடைக்கு நகர்ந்த வழி இதுவே எனலாம். இங்கு மாற்றம் ஒரு பாத்திரத்துக்குள் நிகழவில்லை. ஒரு பதிப்பகத்தின் வரிசைக்குள் நிகழ்ந்தது.

கடற்கரையில் குண்டடிபட்டுக் கிடக்கும் ஒருவன். கழுத்தெலும்பருகே உரோமன் எண்ணில் பதின்மூன்று என்று பச்சை குத்தப்பட்டுள்ளது. நினைவு முழுதும் அழிந்துவிட்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவரைச் சுட்டுக்கொன்றவன் அவனே என்று உலகம் கூறுகிறது. அவனால் மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. பிரெஞ்சு மொழியில் அவன் வாய்திறந்தால் தன்மை எழுவாயைக் கூறியே ஆகவேண்டும். தான் யார் என்றறியாதவன் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘நான்’ என்கிறான். இது அம்மொழியின் கட்டாயம். தமிழில் அக்கட்டாயம் இல்லை. ‘தெரியவில்லை’, ‘நினைவில்லை’, ‘கொல்லவில்லை’, ‘இருக்கலாம்’ என்று அவன் பேசினால் ஒரு பக்கம் முழுதும் ‘நான்’ வராமலே உரையாடல் இயல்பாக நடக்கும். இழந்த அடையாளம் வினைமுற்றிலேயே இழந்துகிடக்கும். மூலத்தில் இல்லாத இவ்வாய்ப்பைத் தமிழ் தருகிறது.

இன்னொரு வாய்ப்பு ‘ஆம்’ என்னும் இடைச்சொல். பிறர் கூறக் கேட்டதைக் குறிக்கும் இது பொதுவாகப் படர்க்கையோடு வரும்: ‘வந்தானாம்’. தன்மையோடு வந்தால் எள்ளலோ வியப்போ தோன்றும். ‘கொன்றேனாம்’ என்னும் ஒரு சொல்லில், கொன்றவன் நான் என்னும் குற்றச்சாட்டும், அதனைக் கூறுவோர் பிறர் என்பதும், எனக்கு அது தெரியாது என்பதும், அதனை முழுதாக மறுக்க இயலாத கசப்பும் ஒருங்கே அடங்கிவிடுகின்றன. பத்தொன்பது தொகுதிகளாக நீண்ட முதற்சுற்றுக் கதையின் முடிச்சை ஐந்தெழுத்து நீளமேயுள்ள ஒரு வினை தாங்குகிறது என்றால் அது மிகையன்று. பேச்சுக்குமிழியில் இடம் போதவில்லை என்பது தமிழ் மொழிபெயர்ப்பாளரின் நெடுநாளைய முறையீடு. ஒட்டுநிலை மொழியின் நீண்ட சொற்கள் குமிழியை நிறைத்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அவ்வொட்டுக்களே இடத்தை மிச்சப்படுத்தும் இடங்களும் உள்ளன.

நடைமுறையில் இவ்வாய்ப்புகள் கைநழுவுவதற்கு முதற்காரணம் தெளிவு குறித்த அக்கறை. எழுவாயில்லாத வினையைக் கண்டவுடன் வாசகர் குழம்புவாரோ என அஞ்சி ‘நான்’ சேர்க்கப்படுகிறது. ‘நான் கொல்லவில்லை’ என்பது வழக்குமன்றத்தின் வாக்கியம், உறுதியானது, நேர்மையானது. ‘கொல்லவில்லை’ என்பது இரவில் தனியே கூறிக்கொள்வது. எங்கே எது வேண்டும் என்பதைக் குமிழியின் வடிவம் தீர்மானிக்க இயலாது.

அடுத்தது ‘தான்’, ‘ஏ’ ஆகிய இடைச்சொற்கள். ஆங்கிலச் சித்திரக்கதையில் அழுத்தம் தடித்த எழுத்தால் காட்டப்படும். தமிழில் அவ்வழுத்தத்தை இவ்விடைச்சொற்கள் ஏற்கின்றன: ‘நானேதான்’, ‘அவனேதான்’. வீரயுகத்தின் இடைச்சொற்கள் இவை. இருள்நடைக்கு வந்தபின்னும் இவை கூடவே வந்துவிடுகின்றன. ஐயமே உருவான நாயகனைத் தேற்றம் நிறைந்தவனாக்கிவிடுகின்றன.

அவனும் அவரும்

‘இயர் ஒன்’ கதையில் கார்டன், மேலதிகாரியின் ஆணைப்படி பேட்மேனை வேட்டையாடுகிறார். கதை முடிவில் கார்டனின் கைக்குழந்தையைப் பேட்மேன் காக்கிறான். இருவரும் ஒருவரையொருவர் நம்பத் தொடங்குகின்றனர். கார்டனின் பெட்டிக்குரலில் பேட்மேன் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே படர்க்கைப் பெயரால் சுட்டப்படுகிறான். ஆங்கிலத்தில் வேறு பெயரில்லை. தமிழில் அவன், அவர் என இரண்டு. தேடப்படும் குற்றவாளியை ஒரு காவல் அதிகாரி தன் நாட்குறிப்பில் ‘அவர்’ என்று எழுதமாட்டார். மதிப்பு வந்தபின் ‘அவன்’ என்று தொடர்வதும் பொருந்தாது. ஆகவே எங்கோ ஒரு கட்டத்தில் ‘அவன்’ ‘அவர்’ ஆகவேண்டும். மூலம் மௌனமாக விட்ட முடிவை மொழிபெயர்ப்பாளர் பகிரங்கமாக எடுக்க நேரிடுகிறது. தொடக்கத்திலேயே ‘அவர்’ என்றால் கதையின் முடிவு முதற்பக்கத்தில் வெளிப்பட்டுவிடும். இறுதிவரை ‘அவன்’ என்றால் நட்பின் நெருக்கமாகவும் அதனைக் கொள்ள இடமுண்டு. வன்மை மிக்க தெரிவு இதுவே எனத் தோன்றுகிறது. முன்பு இகழ்ச்சியாக ஒலித்த அதே ‘அவன்’ இறுதிப் பக்கத்தில் உரிமையாக ஒலிக்கும்.

பெயர்களிலும் இருளும் ஒளியும் கலந்தே வருகின்றன. லூயிஸ் கிராண்டெலுக்கு முத்து காமிக்ஸ் சூட்டிய ‘மாயாவி’ என்னும் பெயர் இராமாயண மரபில் வாலியைக் குகைக்குள் இழுத்துச்சென்று போரிட்ட அசுரனுடையது. உருவத்தை மறைக்கும் ஆற்றலுடையவனுக்கு அப்பெயர் பொருத்தமே. அதில் தீமையின் சாயல் இருந்ததும், மூலக்கதையின் கிராண்டெல் தீயவனாகத் தொடங்கியதும் எதிர்பாராத இயைபு. ஆனால் பயன்பாடு பொருளை வென்றது. தமிழ்ச் சிறுவர் வழக்கில் மாயாவி என்றால் மீட்பன் என்றாகிவிட்டது. பின்னர் ராணி காமிக்ஸ் வேறொரு தொடரின் முகமூடி நாயகனுக்கும் அதே பெயரைச் சூட்டியது. இதற்கு மாறாக, லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் ஆங்கிலப் பெயரோடே நின்றான். குற்றவுலகின் மன்னனாக விழைந்து 1965இல் தோன்றி, பின் குற்றவாளிகளையே ஒடுக்குபவனாக மாறிய அவனது கதையை எழுதியவர்களில் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலும் உண்டு. ஒளியின் முதல் நாயகனைத் தந்தவரே இக்குற்றச் சக்கரவர்த்தியையும் எழுதினார் என்பதைத் தமிழ் வாசகர் பெரிதும் அறியார்.

தலைப்புகளில் ‘இரத்தப் படலம்’ தனித்து நிற்கிறது. கொலை, மரணம், பிசாசு, மர்மம் என்று அச்சச் சொற்களை அடுக்கும் தலைப்புகள் சாகசக்கதைகளில் முன்பே ஏராளம். இருளைச் சொற்களஞ்சியத்தில் தேடும் பழக்கம் அது. இத்தலைப்போ வேறு வகையில் இயங்குகிறது. படலம் என்பது கம்பராமாயணத்தில் காண்டத்தின் உட்பிரிவு. கண்ணை மூடும் மெல்லிய திரைக்கும் அதுவே பெயர். நினைவு மறைக்கப்பட்ட ஒருவனின் நீண்ட கதைக்கு இரு பொருளும் ஏற்கின்றன. மூலத்தலைப்பு வெறும் எண். தமிழ்த்தலைப்பு அதனைவிட மேலானது என்று தயங்காமல் கூறலாம்.

ஊரில்லாத தமிழ்

இவற்றையெல்லாம் கையாண்டபின்னும் ஒரு குறை எஞ்சும். இருள்நடை ஆங்கிலம் தெருவில் பிறந்தது. ஹாமெட்டும் சாண்ட்லரும் குற்றவாளிகளும் மதுக்கடைக்காரர்களும் பேசிய மொழியைப் புதினத்துக்குள் கொண்டுவந்தனர். மில்லரின் பெட்டிக்குரல் அவர்களின் வாரிசு. தமிழ்ச் சித்திரக்கதையின் நாயகர் பெரும்பாலும் எழுத்துத்தமிழே பேசி வந்துள்ளனர். தமிழ்வாணனின் சங்கர்லாலிடமிருந்து பெறப்பட்ட தூய நடை அது எனலாம். அந்நடைக்குரிய நியாயமும் உண்டு. நியூயார்க் கொள்ளையன் மதுரைத் தமிழோ சென்னைத் தமிழோ பேசினால் நகைப்பே விளையும். இரட்டைவழக்கு மொழியில் எழுத்துவழக்கு எவ்வூருக்கும் உரியதன்று என்பதாலேயே எவ்வூரையும் குறிக்கப் பயன்பட்டது. ஆனால் இருள்நடைக்கு ஊர் வேண்டும்.

தமிழ் இருள்நடைக்கு ஊர் கிடைத்தது திரைப்படத்தில். 2009இல் வெளிவந்த பன்னீர்செல்வத்தின் ‘ரேணிகுண்டா’ இங்கு நினைக்கத்தக்கது. சிறையிலிருந்து தப்பி மும்பைக்குச் செல்ல எண்ணிய இளைஞர்கள் வந்துசேரும் இடமே படத்தின் தலைப்பு. சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் இருப்புப்பாதையும் கூடூர்–திருப்பதி பாதையும் கூடும் சந்திப்பு அது. நெடுநாள் சித்தூர் மாவட்டத்திலிருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. ஊர் ஆந்திரத்தில், ஆனால் தமிழ் எல்லை தொலைவிலில்லை. இரயிலைப் பிடித்து வேறெங்கோ போக வேண்டியவர்கள் இறங்கி நின்றுவிடும் ஊர். தமிழ் காதில் விழும், ஆனால் தமிழ் ஆளாத ஊர். மில்லரின் காத்தம் நகரத்தை வரைய ஓவியர் வேண்டும். ரேணிகுண்டாவின் நடைமேடையில் ஒருவன் எந்த மொழியில் வாய்திறப்பது என்று தயங்கும் ஒரு நொடியே அதே வேலையைச் செய்துவிடுகிறது. தமிழ்ச் சித்திரக்கதை இதுவரை எட்டாத இடம் இது.

எனினும் பேச்சுவழக்கை முழுமையாக ஏற்பதே தீர்வு என்பது அவசரமான முடிவு. சித்திரக்கதை கண்ணால் படிக்கப்படுவது. பேச்சொலியை எழுத்தில் வடிக்கும்போது சொற்கள் மேலும் சிதைந்து படிப்போரைத் தடுக்கும். பெட்டிக்குரலுக்கு எழுத்துவழக்கையும் குமிழிக்கு மட்டான பேச்சுவழக்கையும் பகிர்ந்தளிப்பது ஒரு நடுவழி. டாட் கிளைன் கையெழுத்தால் காட்டிய குரல்வேறுபாட்டைத் தமிழ் வழக்குவேறுபாட்டால் காட்டமுடியும். ‘இயர் ஒன்’ போன்ற கதையில் செல்வந்தனான வேனுக்கு எழுத்துவழக்கு, நடுத்தர வருவாயில் அல்லலுறும் கார்டனுக்குப் பேச்சோடு நெருங்கிய வழக்கு என்று வகுத்தால் பெட்டியின் நிறத்தைப் பாராமலே பேசுபவரை அறியலாம்.

இதற்கான முன்மாதிரிகளைத் துப்பறியும் கதைகளில் மட்டும் தேடவேண்டியதில்லை. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வினையெச்சத் தொடரை அறுக்கக் கற்றுத்தந்தனர் என்பது உண்மை. ஆனால் அவர்களின் வேகத்தில் கூர்மை உண்டு, களைப்பு இல்லை. களைப்பையும் குற்றத்தையும் தீர்ப்புரைக்காமல் எழுதியவர் ஜி. நாகராஜன். ‘குறத்தி முடுக்கு’ 1963லும் ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974லும் வந்தன. இரண்டாவது நூல் வெளிவந்தபோது இரும்புக்கை மாயாவி தமிழுக்கு வந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. ஒன்றைச் சிறுவரும் மற்றொன்றைச் சிற்றிதழ் வாசகரும் படித்தனர். இருசாராரும் ஒருவரையொருவர் அறியவில்லை. நாகராஜனின் கதைசொல்லி எவரையும் மன்னிப்பதில்லை, தண்டிப்பதுமில்லை. நடந்ததைக் கூறிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். பேட்மேனின் பெட்டிக்குரலைத் தமிழாக்க அமரும் மொழிபெயர்ப்பாளர் ஆங்கில அகராதிக்குமுன் திறக்கவேண்டிய நூல்கள் இவையே.